பெட்டி கழன்றது தெரியாமல் போன தூரம்

"அம்மா, பெட்டி கழண்டது உங்களுக்கு ஏன் தெரியேல்லை?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால், பார்த்துக்கொண்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்வது என் வழக்கம். மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். போன வைகாசியில் சொன்னது. அடுத்த வைகாசி கிட்ட வந்துவிட்டது. பதில் வரவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதினால் எங்காவது ஓரிடத்தில் அது அகப்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு விசுவமடுவில், பெரிய றோட்டிலிருந்து வாய்க்கால் ஓரமாக உள்ளே போகவேண்டும். என் கணவருக்குக் கொஞ்ச வயலும் ஒரு பெரிய வெள்ளை ஜீப்பும் உண்டு. ஜீப் முன்பு ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓடியது. கதவில் இருந்த சின்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மழையில் நனைந்தால் அந்த வட்டம் இன்னும் தெரியும். நாலு சில்லும் இழுக்கிற வாகனம். அது எங்கள் வாசலில் வந்து நின்ற நாளில் நான் ஏறுவதற்குக் குசினியிலிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது என் வயிற்றில் மகன் இருந்தான்.

அந்த ஜீப்பை வைத்துக்கொண்டு இவர் பாரம் இழுக்கத் தொடங்கினார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பழுதான படகுகளை இழுத்து வருவார். கோடையில் தண்ணீர்த் தாங்கி. கலியாண வீடுகளுக்குச் சில்லு வைத்த ஜெனறேற்றர். அரிவுவெட்டுக் காலத்தில் நெல்லு ஏற்றிய பெட்டி. உழவு மிசினுக்கு, அதாவது ட்ராக்டருக்கு, பின்னால் கொளுவுகிற, இரண்டு சில்லு வைத்த ட்ரெயிலரைத்தான் எங்கள் பக்கத்தில் பெட்டி என்போம். மிசின் உருண்டு உருண்டு போகிற தூரத்தை ஜீப் பறந்து முடித்துவிடும். அதனால் கிளிநொச்சி ஆலைகளுக்கு அவசரமாக நெல்லு ஏற்றுகிறவர்கள் இவரைத் தேடி வந்தார்கள்.

ஒருமுறை நெல்லுப் பெட்டி பின்னால் இருக்க நானும் ஜீப்பில் கிளிநொச்சிக்குப் போனேன். போய்ச் சேரும்வரைக்கும் கதவுப் பிடியை விடவில்லை. இவர் பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. பெட்டிக்கெனத் தனிப் பிறேக் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன்.

"பயப்பிடாதையும். பாரம் எப்பவும் முன்னுக்குக் கொஞ்சம் கூட இருக்கோணும். பின்னுக்குக் கூடினால்தான் பெட்டி வாலாட்டும். ஒரு மூட்டை இடம் மாறினாலும் எனக்கு ஸ்ரேறிங்கிலை தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"இவளின்ரை முதுகிலை ஆர் ஏறி இருக்கினம் எண்டு இவள் எனக்குச் சொல்லுவாள்."

ஜீப்பை அவர் அவள், இவள் என்றுதான் சொல்வார். நான் சிரித்தேன். ஆனால் நம்பினேன். மூட்டை ஏற்றுகிறவர்களிடம் அவர் நின்று, இதை முன்னுக்குத் தள்ளு, அதை இறக்கிப் போடு என்று திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கவனமான மனிதர். இதைப் பிறகு யாரும் அவரைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்லிவைக்கிறேன்.

உழவு மிசினும் அதன் பெட்டியும் மாமாவுடையவை. மாமா என்றால் இவருடைய தகப்பனார். மாமி காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். யுத்தகால இடப்பெயர்வில் மாமா குடும்பத்தை அந்தப் பெட்டியில்தான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அதில் ஏற்றிய ஒரு சாமானும் வழியில் விழுந்ததில்லை என்று சொல்வார். ஆட்களைப் பற்றிச் சொல்லமாட்டார். நாங்கள் கேட்பதுமில்லை.

மிசினில் பெட்டி கொளுவுகிற விதத்தைச் சொல்லவேண்டும். பெட்டியின் முன்தண்டில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. மிசினின் பின்பக்கத்து இரும்புத் தட்டில் ஒரு துளை. வளையத்தையும் துளையையும் பொருத்தி, மேலிருந்து ஒரு நீளமான இரும்பு ஆணியை இறக்கிவிடுவார்கள், அதைப் பின் என்போம். அவ்வளவுதான். அந்தப் பின் தன் பாரத்திலேயே நிற்கும். மிசினை யார் ஓட்டினாலும் மாமா பின்சில்லின் மட்காட்டில் அரைவாசி பின்னுக்குத் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஒரு கால் தொங்கும். மற்றக் காலின் குதி அந்தப் பின்னின் தலையில் இருக்கும். பள்ளம் வந்தால் அழுத்துவார். பெட்டியில் இருக்கிறவர்களோடு ஊர்க்கதையும் கதைத்துக்கொண்டு வருவார். அவரோடு கதைப்பதற்காக எல்லோரும் பெட்டியின் முன்பக்கத்தில்தான் நெருங்கி இருப்பார்கள். அந்தப் பின்னுக்கு வேறு பூட்டு இருக்கவில்லை. மாமாவின் குதிக்கால்தான் பூட்டு.

ஒவ்வொரு வைகாசியிலும் கடற்கரைப் பக்கத்து அம்மன் கோயிலுக்கு எங்கள் சொந்தமும் அயலும் பெட்டியில் ஏறிப் போய்ப் பொங்கிவிட்டு வருவது வழக்கம். போன வருடம் பொங்கலுக்குச் சற்று முன் மிசின் பழுதாகிவிட்டது. வவுனியாவிலிருந்து சாமான் வரவேண்டும் என்றார்கள்.

"ஜீப்பிலை கொளுவிக்கொண்டு போவம்" என்று இவர் சொன்னார். எல்லோருக்கும் சந்தோசம்.

ஜீப்பின் பின்னால் நெல்லுப் பெட்டிகள் இழுப்பதற்கென்று இவர் வெல்டிங் கடையில் ஒட்டுவித்த தட்டு இருந்தது. அதற்கு ஒரு பின்னும், பின்னுக்குக் கீழே கொளுவுகிற கிளிப்பும் இருந்தன. ஆனால் மாமாவின் பெட்டி பழையது, வளையம் தடிப்பு. இவருடைய பின்னைப் போட்டால் கீழே கிளிப் கொளுவ நீளம் போதவில்லை. ஆகவே மிசினின் நீளப் பின்னையே கழற்றி வந்து இறக்கினார்கள். அதில் கிளிப்புக்குத் துளை இல்லை. இத்தனை வருடமாக இல்லாமல்தானே ஓடியது என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும் கிட்ட நின்று பார்த்தேன்.

புறப்படும் நேரம் மாமா ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். பின்சில்லுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். அங்கே உட்கார இடமில்லை. அவர் பெட்டியின் முன்பலகையில் கால் வைக்கப் போனபோது என் மச்சாள், இவருடைய தங்கச்சி, மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்கள் என்ன இதுக்கை ஏறுறியள்? முன்னுக்கு ஏறுங்கோ. ஏசிக்கை மாப்பிள்ளை மாதிரி இருந்து வாங்கோ."

"நான் உதிலை இருக்கிறன், விடு."

"ஓம், ஜீப் வைச்சிருக்கிற மகன் தேப்பனைப் பெட்டியிலை ஏத்திக்கொண்டு போறான் எண்டு கோயிலடியிலை கதைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டு முன் கதவைத் திறந்தார். அந்த ஆசனத்தில் நான் ஒரு வெள்ளைத் துவாய் விரித்துவிட்டேன். வயது போன மனிதரைப் பின்னால் விட்டுவிட்டு நாங்கள் ஏசிக் குளிரில் போவது எப்படி? இப்போதும் அந்த இடத்தில் நின்று யோசித்தால் வேறு என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

மகனுக்கு அப்போது பால்குடி மறக்கவில்லை. அவனை மடியில் வைத்து நான் ஜீப்பின் பின் ஆசனத்தில் இருந்தேன். மகளை என் பக்கத்தில் இருத்தப் பார்த்தேன். அவள் பெட்டிக்குப் போகவேண்டும் என்று நின்றாள். மச்சாளின் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான்.

"வேண்டாம் குஞ்சு, வெயில்" என்றேன்.

"விடுங்கோ மச்சாள், நான் மடியிலை வைச்சிருக்கிறன். நாங்களெல்லாம் உந்தப் பெட்டியிலைதானே வளந்தனாங்கள். உங்கடை பிள்ளை மட்டும் என்ன கண்ணாடிப் பொம்மையே?"

மச்சாள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் படித்த மருமகள் தன் பிள்ளையைத் தனியாக வைத்திருக்கிறாள் என்ற கதை எனக்குப் புதிதல்ல. இறக்கி விட்டேன். "இறுக்கிப் பிடிச்சிருங்கோ மச்சாள்" என்று மட்டும் சொன்னேன்.

ஜீப்பின் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்கள். பெட்டிச் சில்லுக்கும் வைக்க வேண்டுமோ என்று யாரோ கேட்க, "எஞ்சின் இல்லாத சாமானுக்கு என்னத்துக்கு?" என்று இவர் சொன்னார். மறுபடியும் சிரிப்பு. தேசிக்காய்கள் நசிந்தன. புறப்பட்டோம்.

ஜீப்பின் பின்கண்ணாடி வழியாக நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாய்களையும் பொங்கல் பானைகளையும் ஜீப்பின் பின்புறத்தில் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். கண்ணாடி முழுக்கப் பாய். பெட்டியில் பாடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பெரிய றோட்டில் ஏறியதும் இவர் ஏசியைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றினார். பிறகு அதுவும் கேட்கவில்லை.

பெட்டி ஜீப்பைப் பின்னுக்கு விட்டு விட்டு இழுத்தது. ஒரு இழுவை, ஒரு தளர்வு. என் மடியிலிருந்த மகன் ஒவ்வொரு இழுவைக்கும் திடுக்கிட்டு விழித்து அழுதான். பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. தோளில் போட்டேன். அழுகை நிற்கவில்லை. மாமா திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்குக் குளிரோ?" என்று கேட்டார். இவர் ஏசியைக் குறைத்தார். அதற்கும் நிற்கவில்லை.

புதுக்குடியிருப்புக்கு முன்னால் ஒரு மதகு வரும். அதில் றோட்டு கொஞ்சம் எழும்பி இறங்கும். ஜீப் அதில் ஏறி இறங்கியபோது ஒரு குலுக்கம். பானைகள் ஒன்றோடொன்று முட்டின. அதற்குப் பிறகு ஓட்டம் ஒரே சீராக வந்துவிட்டது. இழுவை இல்லை, தளர்வு இல்லை. மகன் ஒரு பெருமூச்சு விட்டு என் தோளில் தலையைச் சாய்த்தான். அப்படியே நித்திரையாகிவிட்டான்.

"பாத்தியளே அப்பா, இப்ப எப்பிடி இழுக்கிறாள் எண்டு? கப்பல் மாதிரிப் போறாள்" என்றார் இவர்.

"ஓம், மிசினிலை இந்தச் சுகம் வராது தம்பி" என்றார் மாமா.

நான் சொன்னேன்: "இப்பதான் பிள்ளை நித்திரை. இப்பிடியே ஓடுங்கோ."

இந்த மூன்று வசனங்களையும் நான் மறக்க முயன்றதில்லை. முயன்றாலும் முடியாது.

எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, நான் அந்த நேரம் முழுதும் நிம்மதியாக இருந்தேன் என்பதுதான். கால்களை நீட்டிக்கூட வைத்தேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து விடாமல் கோன் அடித்துக்கொண்டு வந்தது. "என்ன அவசரமோ, முந்திக்கொண்டு போவன்" என்று இவர் ஓரம் கொடுத்தார். அந்தப் பெடியன் முந்தவில்லை. பக்கத்தில் சமமாக ஓடிவந்து கண்ணாடியில் கையால் தட்டினான். இவர் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, உங்கடை பெட்டி எங்கை?"

"என்ன?"

"பெட்டி அண்ணை. பெட்டி."

இவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நான் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டேன். றோட்டு நேராகப் பின்னால் போனது. ஒரு நாய் அதைக் கடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்த வெறும் றோட்டை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதற்கு முன்னும் பயந்திருக்கிறேன். சின்ன வயதில் பயப்படுவதற்கு எங்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பயங்களில் சத்தம் இருந்தது, புகை இருந்தது, ஓடு என்று சொல்ல ஆள் இருந்தது. இங்கே நல்ல வெயில். தார் றோட்டு மினுங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும், என் பிள்ளையும், அதிலிருந்து துடைத்து எடுத்தது போல இல்லாமல் இருந்தார்கள்.

இவர் ஜீப்பைத் திருப்பினார். எதிரே வந்த பஸ் எங்களுக்காக நின்றதா, அல்லது தப்பியதா தெரியாது. மாமா ஜீப்பின் முன்பலகையில் கையை ஊன்றியபடி "கெதியா, கெதியா" என்றார். நான் அம்மனைக் கூப்பிடவில்லை. மகள் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று ஞாபகப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நான்தான் போட்டுவிட்டேன், நான்தான் பொத்தான் பூட்டினேன். நிறம் வரவே இல்லை. மகன் நித்திரையாகத்தான் இருந்தான்.

தூரத்தில் முதலில் தெரிந்தது பெட்டியின் முன்தண்டு. கிணற்றுத் துலாப் போல வானத்தைப் பார்த்து நின்றது. கிட்டப் போனபோது மிச்சமும் தெரிந்தது. பெட்டியின் பின்பக்கம் தரையில் இருந்தது. அது உரசிக்கொண்டு வந்த வெள்ளைக் கோடு றோட்டில் வளைந்து வளைந்து கிடந்தது. அரிசி கொட்டியிருந்தது. விறகு நாலு பக்கமும். பெட்டிக்குப் பின்னால் ஒரு லொறி நின்றது. மிகக் கிட்ட. ஆட்கள் றோட்டோர மண்ணில் இருந்தும் நின்றும் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஒரு பூவரச மரத்தடியில் நின்றாள். மஞ்சள் சட்டை. ஒரு செருப்பைக் கையில் வைத்திருந்தாள், மற்றது இல்லை. வாய்க்குக் கீழே நாடி வெடித்து இரத்தம் கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது. அழவில்லை. மகனை ஆசனத்தில் கிடத்திவிட்டு நான் ஓடிப் போய் அவளைத் தூக்கினேன். அவள் என் கழுத்தைக் கட்டவில்லை. வீட்டுக்கு வந்த யாரோ ஒருவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் விட்டிட்டுப் போயிட்டீங்கள்" என்றாள்.

"இல்லைக் குஞ்சு."

"நாங்கள் எல்லாரும் கூப்பிட்டனாங்கள். ஜீப் போய்க்கொண்டே இருந்தது."

மச்சாள் மண்ணில் இருந்தாள். அவளுடைய இடது கை மணிக்கட்டில் பிழையான பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும், "மச்சாள், பிள்ளையை நான் விடேல்லை. இந்தக் கை முறிஞ்சு போட்டுது. மற்றக் கையாலை பிடிச்சிருந்தனான்" என்றாள்.

நடந்ததை அவர்கள் துண்டு துண்டாகச் சொன்னார்கள். மிசினின் புகைக்குழாய் முன்னால் மேலே நிற்கும், புகை காற்றோடு போய்விடும். ஜீப்பின் புகை கீழே பின்னால் வருகிறது. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்க முடியவில்லை. கதைப்பதற்கும் முன்னால் யாரும் இல்லை. ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். விறகும் அரிசியும் முதலில் இறக்கவேண்டும் என்று ஏற்கனவே பின்னுக்குத்தான் ஏற்றியிருந்தது. முன்தண்டு பாரமில்லாமல் துள்ளத் தொடங்கியது. மதகில் ஏறி இறங்கியபோது அந்த இரும்புப் பின் துளையிலிருந்து எழும்பி வந்துவிட்டது. பின்பக்கம் தரையில் விழுந்து உரசியதால்தான் பெட்டி நின்றது. இல்லாவிட்டால் வாய்க்காலுக்குள்.

நெல்லு மூட்டைகளுக்கு இவர் இடம் சொல்வார். ஆட்களுக்கு யார் இடம் சொல்வது? பெரியம்மா, நீங்கள் முன்னுக்குத் தள்ளி இருங்கோ என்று யாரிடம் சொல்ல முடியும்?

அந்தக் கூட்டத்தில் எங்கள் அயல் வீட்டு அம்மா ஒருவர் முழங்கால் தேய்ந்து இருந்தார். அவர் இவரைப் பார்த்து, "தம்பி, உன்ரை ஜீப்புக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போலை. நடந்து வரச் சொல்லி இறக்கிவிட்டிட்டுது" என்றார். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். மச்சாளும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்போதுதான் மகளின் கழுத்து இரத்தத்தைத் துடைத்தேன்.

இவர் சிரிக்கவில்லை. ஜீப்பின் பின்னால் போய் அந்த வெறும் தட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். மாமா மதகை நோக்கி நடந்தார். திரும்பி வரும்போது அந்தப் பின் அவர் கையில் இருந்தது.

"நான் பின்னுக்கு இருந்திருக்கோணும்" என்றார்.

"நான்தானே அப்பா உங்களை முன்னுக்கு ஏத்தினனான்" என்றாள் மச்சாள்.

நான் விரித்த வெள்ளைத் துவாய் முன் ஆசனத்தில் அப்படியே இருந்தது.

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு ஊரவர்களின் மிசின் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பொங்கல் நடந்தது என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் மச்சாளையும் மகளையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாய்களையும் பானைகளையும் இறக்கிவிட்டதால் பின்கண்ணாடி இப்போது வெளித்திருந்தது. மகள் ஆசனத்தில் இருக்கவில்லை. முழங்காலில் நின்று, ஆசன முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடி வழியாக றோட்டைப் பார்த்தாள். அப்படி நின்றபடிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பெரியவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அவளுடைய நாடியில் தையல் ஆறி ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. மச்சாளின் கை பொருந்திவிட்டது, மழைக்காலத்தில் உளைகிறதாம். இவர் பழைய தட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுவித்தார். பூட்டு வைத்த புதுப் பின், இரண்டு பக்கமும் சங்கிலி, பின்னால் பார்க்கிற கமெரா. ஸ்ரேறிங்கில் தெரியும் என்ற கதையை அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை. வீட்டில் ஒருவரும் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு முடியவில்லை. வகுப்பில் நெம்பு படிப்பிக்கிற நாள் வந்தது. அடிமட்டத்தைப் பென்சிலின் மேல் வைத்து ஒரு முனையில் அழிறப்பரை வைத்தேன். மற்ற முனை எழும்பியது. ஒவ்வொரு வருடமும் செய்து காட்டுகிறதுதான். பிள்ளைகள் அடுத்ததுக்காகக் காத்திருந்தார்கள். நான் அந்த எழும்பிய முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகள் இன்னும் ஜீப்பில் முன்னே பார்த்து இருப்பதில்லை. பின்னால் ஒன்றும் கொளுவாத நாளிலும் முழங்காலில் நின்று பின்னால் பார்த்துக்கொண்டு வருவாள். ஆசனப் பட்டி போட்டுவிட்டால் கழற்றிவிடுவாள். மாமாவும் இப்போது முன்னால் ஏறுவதில்லை. அவளோடு பின் ஆசனத்தில் இருந்து தானும் திரும்பிப் பார்க்கிறார். "நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்று இருவரும் பங்கு பிரித்திருக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தடுத்தால் அவருக்கு நோகும்.

காலையில் அவளை ஸ்கூட்டியில் பின்னால் வைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோகிறேன். வாய்க்கால் கரையில் போகும்போது, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் என் முதுகில் விரலால் தட்டுவாள்.

"அம்மா, நான் இருக்கிறன்."

"ஓம் குஞ்சு."

பிறகு இன்னொரு தட்டு. "அம்மா, நான் இருக்கிறன்."

முதலில் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நான் பதில் சொல்லாவிட்டால் சத்தம் கூடும். இப்போது ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பாடசாலை வரும்வரைக்கும் சொல்கிறேன்.

இந்த வருடப் பொங்கலுக்கும் ஆயத்தம் தொடங்கிவிட்டது. மிசினைத் திருத்திவிட்டாலும் ஜீப்பிலேயே போகவேண்டும் என்று இவர் நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சங்கிலிகளுக்குக் கிறீஸ் பூசுகிறார். அவருக்கு அது தேவை என்பது எனக்கு விளங்குகிறது. மச்சாள், "நான் திரும்பவும் பெட்டியிலைதான். இந்த முறை முன்னுக்கு இருப்பன், புகை வந்தால் வரட்டும்" என்கிறாள். மகளை இந்த முறை ஜீப்பில் என்னோடு இருத்துவேன் என்று நான் தீர்மானித்திருந்தேன். அவள் மறுத்துவிட்டாள்.

"நான் பெட்டியிலை. நீங்களும் பெட்டியிலை. தம்பியும்."

"ஜீப் நல்லதெல்லே குஞ்சு? அப்பா இப்ப எல்லாம் திருத்தியிருக்கிறார்."

"பெட்டியிலை இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சது. ஜீப்பிலை இருந்தவைக்குத்தான் தெரியேல்லை."



எழுதி முடிக்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகியிருக்கிறது. பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. பாரம் கழன்றபோது அது எங்களுக்குச் சுகமாக இருந்தது. ஓட்டம் இலேசானது, தம்பி நித்திரையானான், அம்மா கால் நீட்டினாள். பாரம் இருக்கும்போதுதான் நாங்கள் பயந்துகொண்டு கவனமாக இருந்தோம். அது போனதும் நல்லது நடந்துவிட்டது என்று நினைத்தோம். அந்தப் பாரத்தில் அவளும் இருந்தாள். இதை அவளிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்பதுதான் என்னிடம் இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் என்னைவிடக் கூடப் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் இந்த உண்மையைச் சொல்லலாமா, அல்லது சத்தம் கேட்கவில்லை, கண்ணாடி ஏற்றியிருந்தது என்று சொல்லி விடுவதுதான் அவளுக்கு நல்லதா? அவளைப் பின்னால் பார்க்க விடுவதா, முன்னால் திருப்பி இருத்துவதா? அவள் கேட்கிறபடி மகனையும் தூக்கிக்கொண்டு நான் அந்தப் பெட்டியில் ஏறலாமா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். பொங்கலுக்கு முதல் கிடைத்தால் உதவியாக இருக்கும்.